எந்தக் கையை நீட்டுவது?

நான் இடது கையால் எழுதுகிறவள். அதனாலேயே ஒரு முறை, இயற்பியல் தேர்வில் ஒரே பாடத்திலிருந்து வந்த மூன்று கேள்விகளுக்கும் தவறான விடை எழுதினேன். மூன்றுமே ஒரே மாதிரித் தவறு. மேலே என்று வரவேண்டிய இடத்தில் கீழே, கீழே என்று வரவேண்டிய இடத்தில் மேலே.

முதல் கேள்வியின் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடப்பக்கம் காந்தத்தின் வட துருவம், வலப்பக்கம் தென் துருவம். நடுவில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. கம்பியில் மின்னோட்டம் தாளுக்குள் போகிறது என்பதற்கு அந்தக் குறி. நம்மை விட்டு விலகிப் போகும் அம்பைப் பின்னாலிருந்து பார்த்தால் அதன் வால் இறகுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் அல்லவா, அதுதான் பெருக்கல் குறி. எதிரே வரும் அம்பு என்றால் முனை மட்டும் தெரியும், அதற்குப் புள்ளி. இந்தக் குறியீட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கேள்வி இதுதான்: கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும்?

விடை, கீழ்நோக்கி. நான் எழுதியது, மேல்நோக்கி.

இந்தத் திசையை இடது கை விரல்களை வைத்துக் கண்டுபிடிக்கும் பிளெமிங்கின் இடக்கை விதி எனக்கு நன்றாகவே மனப்பாடம். ஆனால் இடது கையில் பேனா இருந்தது. சும்மா இருந்தது வலது கை. நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சும்மா இருந்த கையை மடியில் வைத்து மூன்று விரல்களையும் விரித்துப் பார்த்து, அது காட்டிய திசையை எழுதிவிட்டேன். அடுத்த இரண்டு கேள்விக்கும் அதே கை.

விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ‘அடிப்படையே புரியவில்லை’ என்று இருந்தது. அது என்னை வெகுநாள் உறுத்தியது. அடிப்படை புரியாத ஒருத்தி குருட்டாம்போக்கில் எழுதியிருந்தால் மூன்றில் ஒன்றாவது சரியாக வந்திருக்கக்கூடும். மூன்றும் ஒரே சீராகத் தலைகீழாக வந்தால், யோசித்த விதம் சரி, கை மட்டும் மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. இப்போது நானே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். விடைகள் ஒழுங்காகத் தலைகீழாக இருந்தால், முதலில் அந்தப் பிள்ளை எந்தக் கையால் எழுதுகிறது என்றுதான் பார்ப்பேன்.

வலது கைக்காரர்களும் இதிலிருந்து தப்பிப்பதில்லை. மோட்டார் கேள்வியில், அதாவது மின்னோட்டத்தால் கம்பி தள்ளப்படும் கேள்வியில், அவர்களுக்குச் சிக்கல் இல்லை, இடது கை காலியாக இருக்கிறது. ஜெனரேட்டர் கேள்விக்கு, அதாவது கம்பியை நகர்த்தினால் மின்னோட்டம் எந்தப் பக்கம் பிறக்கும் என்பதற்கு, வலக்கை விதி வேண்டும், வலது கையிலோ பேனா. அந்த இடத்தில் இடது கையை நீட்டிவிடுவார்கள். ஆகவே கை விதிகளைக் கற்றுத் தருகிற யாருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை: பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

சரி, விதிக்கு வருவோம். இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரிக்க வேண்டும். சுட்டுவிரல் காந்தப்புலத்தின் திசை. நடுவிரல் மின்னோட்டத்தின் திசை. பெருவிரல் காட்டுவது கம்பியின்மேல் செயல்படும் விசையின் திசை. ஆங்கிலத்தில் படித்தவர்கள் பெருவிரலிலிருந்து தொடங்கி எஃப் (விசை), பி (புலம்), ஐ (மின்னோட்டம்) என்று மூன்று எழுத்தைச் சொல்லி இதை நினைவு வைத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் தமிழில் படித்துவிட்டு அந்த எழுத்துகளையும் தனியாக மனப்பாடம் செய்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். தமிழில் விரல்களின் பெயர்களே போதும். சுட்டுவிரல் சுட்டுகிறது, காந்த ஊசியின் வேலையும் சுட்டுவதுதான். ஊசியின் வட முனை எங்கே சுட்டுமோ அதுதான் புலத்தின் திசை, ஆகவே சுட்டுவிரல் புலம். கட்டைவிரலால் நாம் அழுத்துகிறோம், தள்ளுகிறோம், அது விசை. நடுவிரல் மிச்சம், துருவங்களுக்கு நடுவே ஓடும் கம்பிக்கு அது. இதை ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும், மறுபடி கேட்க மாட்டார்கள்.

இந்த விதியைத் தந்த ஜான் அம்புரோஸ் பிளெமிங் 1885 முதல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மின்பொறியியல் பேராசிரியர். 1904-இல், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வெற்றிடக் குழாய் டயோடைக் கண்டுபிடித்து மின்னணுவியலுக்கே வாசல் திறந்தவர். இன்றைக்கு உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்வது அதற்காக அல்ல, வகுப்பு மாணவர்களின் குழப்பத்தைத் தீர்க்க அவர் சொல்லித் தந்த மூன்று விரல்களுக்காக. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் கை எதற்கு என்ற கேள்வி அவருக்கும் முன்னால், 1820-லேயே பிறந்துவிட்டது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, மின்னோட்டம் ஓடிய கம்பிக்கு அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. ஜூலை 21 அன்று அதை லத்தீனில் ஒரு சிறு அறிக்கையாக வெளியிட்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு இருக்கும் என்று அவர் ஏற்கெனவே நம்பியிருந்தார். யாரும் எதிர்பாராதது அந்த அசைவின் திசை. அதுவரை தெரிந்திருந்த விசைகளை எண்ணிப் பாருங்கள். பூமி ஆப்பிளைத் தன்னை நோக்கி இழுக்கிறது. மின்னூட்டம் பெற்ற இரண்டு பந்துகள் ஒன்றையொன்று நேராக இழுக்கின்றன அல்லது நேராகத் தள்ளுகின்றன. எல்லாம் இரண்டு பொருளையும் இணைக்கும் கோட்டின் வழியே. ஆர்ஸ்டெட்டின் ஊசி கம்பியை நோக்கியும் வரவில்லை, விலகியும் ஓடவில்லை. குறுக்கே திரும்பியது. கம்பியைச் சுற்றி ஏதோ சுழல்வதைப் போல!

நேராக இழுக்கும் விசைக்கு விதி எதுவும் வேண்டாம். ஒரு விரலால் சுட்டிக் காட்டினால் முடிந்தது. குறுக்கே திரும்பும் விசைக்குத்தான் ‘எந்தக் குறுக்கே?’ என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பதில் சொல்ல வலம், இடம் என்ற இரண்டு சொற்கள் வேண்டும். அந்த இரண்டு சொற்களையும் நாம் உடம்பை வைத்துத்தான் கற்றோம். ஆகவே இயற்பியலுக்குள் மனித உடம்பு நுழைந்தது.

முதலில் நுழைந்தது கைகூட அல்ல, முழு ஆள். செய்தி பாரீசுக்கு வந்து, செப்டம்பர் 11 அன்று அங்கே அறிவியல் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. பார்த்தவர்களில் ஆந்த்ரே மரி ஆம்பியரும் ஒருவர். ஒரே வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, அவர் தன் முடிவுகளோடு கழகத்தின் முன் நின்றார். ஊசி எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு அவர் ஒரு மனிதனைக் கற்பனை செய்தார். கம்பியின் வழியே ஒருவன் நீந்துகிறான். மின்னோட்டம் அவன் காலில் புகுந்து தலை வழியாகப் போகிறது. முகம் ஊசியைப் பார்த்திருக்கிறது. ஊசியின் வட முனை அவன் இடது கைப் பக்கம் விலகும். நம் பாடநூல்களில் ‘ஆம்பியர் நீச்சல் விதி’ என்று வருவது இவன்தான். பிறகு மேக்ஸ்வெல் பெயரால் திருகு விதி வந்தது: திருகாணி முன்னேறும் திசை மின்னோட்டம், அதைத் திருகும் திசை புலம். அப்புறம் வலது கையால் கம்பியைப் பற்றிக்கொள்ளும் விதி. பெருவிரல் மின்னோட்டம், மடங்கிய விரல்கள் புலம். மின்னோட்டம் நம்மை நோக்கி வந்தால் புலம் இடஞ்சுழி, விலகிப் போனால் வலஞ்சுழி. இவை எல்லாமே ஒரே செய்தியைச் சொல்லும் வெவ்வேறு வாக்கியங்கள். ஒன்று தெரிந்தால் போதும்.

அந்தச் சிவப்பு மை என் மனத்திலிருந்து அழிந்தது கல்லூரியில்தான். அங்கே ஒரு பேராசிரியர், பெரிய ஆரவாரம் இல்லாதவர், ஒரு நாள் கரும்பலகையில் இணையாக இரண்டு செங்குத்துக் கோடு போட்டார். இரண்டு கம்பிகள், இரண்டிலும் மின்னோட்டம் மேல்நோக்கி. “இழுக்குமா, தள்ளுமா?” என்றார். எல்லாரும் செய்தோம். இடக் கம்பியை மனத்தில் வலது கையால் பற்றினோம். வலக் கம்பி இருக்கும் இடத்தில் அதன் புலம் பலகைக்குள் போகிறது. இப்போது இடது கை. சுட்டுவிரல் பலகைக்குள், நடுவிரல் மேலே. பெருவிரல் இடப்பக்கம் காட்டுகிறது. ஆக, இழுக்கும். சரி.

“இப்போ ரெண்டு கையையும் மாத்துங்க” என்றார். பற்றுவது இடது கையால், விசை பார்ப்பது வலது கையால். செய்தோம். புலம் பலகைக்கு வெளியே, நம்மை நோக்கி வந்தது. வலது கையின் சுட்டுவிரலை நம்மை நோக்கித் திருப்பி, நடுவிரலை மேலே நிமிர்த்தினால், பெருவிரல் மறுபடியும் இடப்பக்கமே காட்டியது. இழுக்கும்!

எனக்கு அந்த வகுப்பில் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? இரண்டு கம்பிகள் இழுப்பது இயற்கையின் செயல். அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. நடுவில் நாம் ‘காந்தப்புலம்’ என்று ஒரு அம்பு வரைகிறோமே, அந்த அம்பின் தலை எந்தப் பக்கம் என்பதுதான் நம் ஏற்பாடு. கையை ஒரு முறை பயன்படுத்தி அந்த அம்பை வரைகிறோம், இன்னொரு முறை பயன்படுத்தி அதை அழித்துவிட்டு விசைக்கு வருகிறோம். இரண்டு முறையும் கையை மாற்றினால் ஒன்றும் ஆகாது, கழித்தலைக் கழித்தால் கூட்டல் வருவதைப் போல. நான் தேர்வில் செய்தது பாதியை மட்டும் மாற்றியது. துருவங்களின் பெயர் ஏற்கெனவே படத்தில் எழுதியிருந்தது. அதாவது முதல் கையை வேறு யாரோ பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு கையைத்தான் நான் மாற்றினேன்.

இந்த இரண்டு கம்பிகளின் இழுப்புக்கு ஒரு கௌரவமும் இருந்தது. 1948-லிருந்து 2019 மே 20 வரை ஆம்பியர் என்ற அலகின் வரையறையே அதுதான். வெற்றிடத்தில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு நீளமான இணைக் கம்பிகள். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.0000002 நியூட்டன் விசை தரும் மின்னோட்டம் 1 ஆம்பியர். அந்த வரையறைக்கு எந்தக் கையும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போன மாதம் அக்கா மகளுக்கு இந்தப் பாடம் வந்தது. பதினைந்து வயது. விதியை ஒப்பித்தாள், படங்களுக்கு விடையும் சொன்னாள். ஆனால் கம்பி தள்ளப்படுவதை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு லாட காந்தம், ஒரு பென்டார்ச் பேட்டரி, ஒரு துண்டு அலுமினியத் தாள். அவ்வளவுதான் வேண்டும். தாளை 1 சென்டிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தரித்தேன். காந்தத்தை மேசையில் படுக்க வைத்து, வட துருவமான சிவப்பு முனை எங்கள் பக்கம், மற்ற முனை சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பினேன். இரண்டு முனைக்கும் நடுவே அலுமினியப் பட்டையைத் தளர்வாக, இடமிருந்து வலமாகப் போகும்படி ஒட்டினேன்.

“முதல்ல கையைப் பார்த்துச் சொல்லு, எங்கே போகும்?”

பேனாவைக் கீழே வைத்தாள். இடது கை. சுட்டுவிரலைச் சுவரைப் பார்த்து நீட்டினாள், ஏனென்றால் புலம் வட முனையிலிருந்து தென் முனைக்கு. நடுவிரலை வலப்பக்கம் விரித்தாள். பெருவிரல் நேராகக் கூரையைக் காட்டியது.

“மேலே, சித்தி.”

பேட்டரியின் இரண்டு முனையையும் பட்டையின் நுனிகளில் தொட்டேன். பட்டை துள்ளி எழுந்து வில்லைப்போல் வளைந்து நின்றது. ஒரு விநாடிதான். உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டையும் பேட்டரியும் கை சுடும் அளவுக்குச் சூடேறிவிடும். பேட்டரியைத் திருப்பித் தொட்டேன். இந்த முறை மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டது. அவள் என் கையிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் எனக்கு வேலை இல்லை.

கணக்கும் போட்டோம். காந்தத்தின் புலம் 0.1 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம், பட்டையில் 3 ஆம்பியர், புலத்துக்குள் இருக்கும் நீளம் 2 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 0.006 நியூட்டன். அற்பமாகத் தெரிகிறது. ஆனால் சமையலறைத் தாளின் தடிமன் 0.016 மில்லிமீட்டர் அளவுதான், அந்தப் பட்டையின் எடை 0.05 கிராமைக்கூடத் தொடாது. அதன் எடையைப்போல் 14 மடங்கு விசை அதை மேலே தூக்குகிறது. துள்ளாமல் என்ன செய்யும்?

அவளே கண்டுபிடித்த ஒன்று உண்டு. காந்தத்தைத் திருப்பி வைத்தால் பட்டை கீழே போகிறது. பேட்டரியைத் திருப்பினாலும் கீழே. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்? மறுபடி மேலே. “அப்போ மாத்தின மாதிரியே இல்லையே” என்றாள். டிரில், மிக்ஸி இரண்டும் மாறுமின்னோட்டத்தில் ஒரே பக்கமாகச் சுற்றுவதன் ரகசியம் இதுதான் என்று சொன்னேன். அந்த மோட்டார்களில் காந்தமும் கம்பிச் சுருள்தான், அதே மின்னோட்டம்தான் அதிலும் ஓடுகிறது. மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் காந்தமும் கூடவே மாறிவிடுகிறது. நடுவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து திரும்பினால் பெருவிரல் அசைவதில்லை. பொம்மை மோட்டாரில் நிலைக்காந்தம் இருப்பதால் பேட்டரியைத் திருப்பினால் சுற்றும் பக்கம் மாறிவிடும்.

விரல் விதியில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் அன்று அவளிடம் சொன்னேன். மூன்று விரலும் செங்குத்தாக நிற்பதால், புலமும் மின்னோட்டமும் எப்போதும் செங்குத்தாகவே இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவை இரண்டும் எந்தக் கோணத்திலும் இருக்கலாம். விசைதான் இரண்டுக்குமே செங்குத்தாக நிற்கும். கோணம் குறையக் குறைய விசையும் குறையும், கம்பி புலத்தின் வழியே ஓடினால் விசையே கிடையாது. இதற்கு உள்ளங்கை விதி பொருத்தமானது. வலது கையைத் தட்டையாக விரித்து, நான்கு விரலும் புலத்தின் திசையில், பெருவிரல் மின்னோட்டத்தின் திசையில் வைத்தால், உள்ளங்கை எந்தப் பக்கம் தள்ளுமோ அந்தப் பக்கம் விசை. பெருவிரலை விரல்களோடு சேர்த்து ஒட்டிக்கொண்டே வந்தால் தள்ளுகிற வலு குறைவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எலக்ட்ரான் கற்றை என்று கேள்வியில் வந்தால் மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது, அது போகும் திசைக்கு நேர் எதிர்த்திசைதான் மின்னோட்டத்தின் திசை.

“சித்தி, மோட்டாருக்கு இடது, ஜெனரேட்டருக்கு வலது. ஏன் ரெண்டு? ஒரே கையை வெச்சிருக்கலாமே?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கச் சொன்னேன். இடது உள்ளங்கை உன்னைப் பார்க்கட்டும், வலது உள்ளங்கை எதிர்ச் சுவரைப் பார்க்கட்டும். இரண்டு சுட்டுவிரலும் மேலே. இரண்டு பெருவிரலும் இடப்பக்கம். இப்போது நடுவிரல்களை நீட்டு.

நீட்டினாள். இடது கையின் நடுவிரல் அவள் மூக்கைச் சுட்டியது. வலது கையின் நடுவிரல் சுவரைச் சுட்டியது.

இதையும் ஒரு முறை செய்து பாருங்கள், படிப்பதை நிறுத்திவிட்டு. ஒரே புலம், ஒரே இயக்கம். கம்பி இடப்பக்கம் போக வேண்டுமானால் மின்னோட்டம் நம்மை நோக்கி வர வேண்டும் என்கிறது இடது கை. அதே கம்பியை நாமே இடப்பக்கம் இழுத்தால், அதில் பிறக்கும் மின்னோட்டம் நம்மை விட்டு விலகிப் போகும் என்கிறது வலது கை. அப்படி விலகிப் போகும் மின்னோட்டத்துக்கும் காந்தம் ஒரு தள்ளு கொடுக்குமே, அது வலப்பக்கம். நாம் இழுப்பதற்கு எதிர்ப்பக்கம். 1834-இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன விதி இதுதான்: தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும். எதிர்க்காவிட்டால் கம்பியை லேசாகத் தட்டிவிட்டாலே போதும், தானாக வேகமெடுத்து மின்சாரமும் தந்துகொண்டே இருக்கும். ஆற்றல் எங்கிருந்தும் வராமல் பெருகும். அது நடக்காது. ஜெனரேட்டரில் சுமை ஏற ஏற அதைச் சுற்றுவது கடினமாவது இந்த எதிர்ப்பால்தான். இரண்டு நடுவிரல்களும் எதிரெதிரே நிற்பது ஆற்றல் அழிவின்மை விதியின் படம்.

ஒரே கைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால், அதற்கும் வழி இருக்கிறது. பல வருடமாக நான் பயன்படுத்துவது அதைத்தான். வலது கை மட்டும். பெருவிரல் காரணம், சுட்டுவிரல் புலம், நடுவிரல் விளைவு. மோட்டாரில் காரணம் மின்னோட்டம், விளைவு விசை. ஜெனரேட்டரில் காரணம் இயக்கம், விளைவு மின்னோட்டம். இரண்டுக்கும் ஒரே விரல் அமைப்பு. கணிதத்தில் வெக்டர் பெருக்கல் என்று பின்னால் படிக்கப்போவதும் இதுவே: காரணத்தையும் புலத்தையும் அந்த வரிசையில் பெருக்கினால் விளைவு. ஆனால் பள்ளித் தேர்வில் இடக்கை விதியைக் கூறுக என்றுதான் கேட்பார்கள், ஆகவே அதையும் விட்டுவிடாதே என்றேன்.

அன்று இரவு அவள் தூங்கப் போகவில்லை. காந்தம், பட்டை, பேட்டரி எல்லாவற்றையும் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் இருந்த மேசைக்குக் கொண்டுபோயிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

“இங்கே பாருங்க. வெளியில சிவப்பு முனை என் பக்கம். கண்ணாடிக்குள்ள பார்த்தா சிவப்பு முனை அந்தக் கடைசியில இருக்கு. அங்கே புலம் என்னைப் பார்த்து வருது. மின்னோட்டம் மட்டும் ரெண்டு இடத்துலயும் இடமிருந்து வலம். பட்டை ரெண்டு இடத்துலயும் மேலேதான் துள்ளுது. அப்போ கண்ணாடிக்குள்ள இடக்கை விதி தப்பு. அங்கே வலது கையை வெச்சாத்தான் சரியா வருது.”

சரிபார்த்தேன். சுட்டுவிரல் நம்மை நோக்கி, நடுவிரல் வலப்பக்கம். இடது கையில் பெருவிரல் கீழே போகிறது, வலது கையில் மேலே போகிறது. அவள் சொன்னது அப்படியே உண்மை. போதாக்குறைக்கு, அவள் கண்ணாடிக்கு நீட்டிய இடது கை உள்ளே வலது கையாகத்தான் தெரிந்தது.

இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்குக்கும் இந்த இடம் உறுத்தியிருக்கிறது. கம்பியும் அதன் அடியில் இணையாகக் கிடக்கும் ஊசியும் இடவலச் சமச்சீரோடு இருப்பதைப்போலத் தெரிகின்றன. அப்படியிருக்க, ஊசி ஒரு பக்கம் மட்டும் திரும்புவது முதன்முதலில் கேள்விப்படுகிறவர்களுக்கு அறிவை உலுக்கும் அதிர்ச்சி என்று அவர் எழுதினார். அந்த அதிர்ச்சிக்குத் தீர்வு காந்தத்துக்குள் இருக்கிறது. காந்தம் என்பது நீளவாக்கில் நிற்கும் அம்பு அல்ல, அதற்குள் எலக்ட்ரான்களின் சின்னச் சின்னச் சுழற்சிகள்தான் இருக்கின்றன. அந்தச் சுழற்சிகள் கண்ணாடிக்கு இணையான தளத்தில் சுழல்கின்றன. மணிக்கூண்டுக் கடிகாரத்தின் முகத்துக்கு இணையாக முட்கள் சுழல்வதைப்போல. கண்ணாடிக்குள்ளும் அவை அதே பக்கம்தான் சுழல்கின்றன. ஆகவே அங்கேயும் உண்மையான புலம் முன்போலவே நம்மை விட்டு விலகித்தான் போகிறது. இடம் மாறியது சிவப்புச் சாயம் மட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் காந்தத்தில் சாயத்தை மாற்றி அடித்துவிட்டால் இடக்கை விதி அங்கேயும் சரியாகிவிடும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ இயற்கைக்கு இடது வலது தெரியவே தெரியாதா?” என்றாள்.

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தெரியாது. 1956 வரை, இயற்கை முழுவதற்குமே தெரியாது என்றுதான் கிட்டத்தட்ட எல்லா இயற்பியலாளர்களும் நம்பினார்கள். அந்த ஆண்டில் லீ, யாங் என்ற இருவர், அணுக்கருச் சிதைவை நடத்தும் வலுவற்ற விசையில் இது சோதிக்கப்பட்டதே இல்லை என்று சுட்டிக் காட்டினார்கள். சோதித்துப் பார்த்தவர் சியென் ஷியுங் வூ. சிதையும்போது எலக்ட்ரான்களை வெளியேற்றும் கோபால்ட்-60 அணுக்களை உறைநிலைக்கும் மிகக் கீழே, அதற்குமேல் குளிரவைக்கவே முடியாத தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகில் குளிரவைத்து, காந்தப்புலத்தால் அவற்றின் சுழற்சிகளை ஒரே திசையில் நிறுத்தினார். அணுக்கருவின் சுழற்சியை வலது கையால் பற்றினால் பெருவிரல் ஒரு பக்கம் காட்டும் அல்லவா, எலக்ட்ரான்கள் அதற்கு எதிர்ப்பக்கமாகவே அதிகம் வெளியேறின. இதைக் கண்ணாடியில் பார்த்தால் கிடைக்கும் காட்சி இயற்கையில் நடப்பதே இல்லை. எந்தச் சாயத்தை மாற்றி அடித்தாலும் சரியாகாது. 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்குத் தரவில்லை. எப்போது இதைச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும், அன்றும் வந்தது.

வேற்றுலகில் யாராவது இருந்து, படம் அனுப்பாமல் வெறும் சொற்களால் அவர்களுக்கு ‘வலது கை’ எது என்று விளக்க வேண்டுமானால், லாட காந்தம் உதவாது. அவர்கள் எந்த முனைக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதே. கோபால்ட்-60 பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவள் பேட்டரியை எடுத்து மறுபடி பட்டையைத் தொட்டாள். உள்ளேயும் வெளியேயும் இரண்டு பட்டைகளும் சேர்ந்து துள்ளின. அப்புறம் ஒரு மார்க்கர் பேனாவைத் தேடி எடுத்து, கண்ணாடிமேல், உள்ளே தெரிந்த காந்தத்தின் சாயமில்லாத முனைக்கு நேராக ‘வ’ என்று எழுதினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை நீட்டிச் சரிபார்த்தாள்.